பேராலயமும் கன்னியர் மடமும்: யாழ்ப்பாணத்து மரபுரிமை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கிழக்கே, பிரதான வீதிக்கும் கடனீரேரிக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பிலே மரியன்னை பேராலயம், ஆயர் இல்லம், திருக்குடும்பக் கன்னியர் மடம், சம்பத்திரிசியார் கல்லூரி ஆகியன ஒன்றுக்கொன்று அணித்தாய் அமைந்துள்ளன. இவற்றை அடுத்து, முன்னர் கரையூர் எனப்பட்ட குருநகரின் மீனவர் குடியிருப்புக்கள் கடலோரமாகச் செல்கின்றன. நிருவாக நோக்கில் இவை வெவ்வேறு நிறுவனங்கள். ஆயினும் வழிபாடு, கல்வி, அச்சு, கலை ஆகிய நான்கும் ஒரே சூழலில் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தமையால், வரலாற்று மாணவன் இவற்றை ஒரே வளாகமாகவே நோக்குதல் வேண்டும். இவ்வளாகத்தின் மரபுரிமை யாது, அதற்கு உரியவர் யாவர் என்னும் வினாக்களே ஈண்டு ஆராயப்படுகின்றன.

இவ்வினாக்களுக்கு வழக்கமாக விடை கூறுவன விழா மலர்களாகும். வெள்ளிவிழா, பொன்விழா, நூற்றாண்டு விழா என்பவற்றையொட்டி வெளிவரும் மலர்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு தனி இலக்கிய வகையாகவே நிலைபெற்றுவிட்டன. அவற்றின் அமைப்பு வாசகர் நன்கறிந்ததே. முதலில் ஆசிச் செய்திகள், பின்னர் தாபகரின் படம், அதன்பின் அதிபர்களின் வரிசை, கட்டப்பட்ட மண்டபங்களின் வரிசை, பரீட்சைச் சித்திகளின் வரிசை, ஈற்றில் நன்றியுரை. இம்மலர்கள் இல்லையெனின் பல தகவல்கள் அழிந்தொழிந்திருக்கும் என்பதை மறுத்தலாகாது. எனினும் இவ்வகை எழுத்து எதனை வரலாறாகக் கொள்கின்றது, எதனை வரலாற்றுக்குப் புறம்பாகத் தள்ளுகின்றது என்பதை ஆராயாது அதனையே மரபுரிமையின் முழுமையான சான்றாகக் கொள்வது தவறாகும்.

இப்போக்கு விழா மலர்களுக்கு மட்டும் உரியதன்று. சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) ஆயர் யூலனின் ஆட்சிக்காலத்திலே, 1893 முதல் 1918 வரை, யாழ்ப்பாண மறைமாவட்டம் பெற்ற வளர்ச்சியை ஆங்கில நூலொன்றில் விரிவாக எழுதியுள்ளார். உழைப்பிலும் நுணுக்கத்திலும் அந்நூல் மதிப்புக்குரியது. ஆயினும் அங்கு காலத்தை அளக்கும் கோல் ஓர் ஆயரின் ஆட்சியாண்டுகளே. அரசர் பெயரால் ஆண்டுகளைக் கணித்த பழைய வழக்கம் ஆயர் பெயரால் கணிக்கும் வழக்கமாக மாறியுள்ளது; அளவுகோலின் இயல்பு மாறவில்லை.

இங்கே கருதத்தக்க ஒரு முரண் உண்டு. இதே ஞானப்பிரகாசர்தாம் 1928இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ என்னும் நூலை வெளியிட்டு, யாழ்ப்பாணத்து மன்னர் பற்றி வழிவழி வந்த கதைகளைச் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர். மரபாக ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற காரணத்தால் மட்டும் எதனையும் வரலாறாகக் கொள்ளலாகாது என்பதே அந்நூலின் வழியாகத் தமிழ் மாணவர் பெற்ற பாடம். வைபவத்தை விமர்சித்த அக்கண் ஆலயங்களின் வைபவங்கள்மீதும் பாடசாலைகளின் வைபவங்கள்மீதும் திரும்புதல் வேண்டும். அது முன்னோரை இகழ்வதாகாது. அவர்களுள் ஒருவர் காட்டிய முறையை அவர்தம் மரபுக்கே பிரயோகிப்பதாகும்.

அவ்வாறு நோக்கும்போது முதலில் தடுமாறுவது, கட்டடமே மரபுரிமை என்னும் கருத்தாகும். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானது. 1658இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளித்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் கைக்கு மாறின. குருவும் இல்லை, கோயிலும் இல்லை என்ற நிலையிலே இம்மரபைக் காத்தோர் பொதுமக்களே. கோவையைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது, சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்; அவரை வீட்டிலே மறைத்து வைத்த குடும்பத்தலைவிகளின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. 1795இல் பிரித்தானியர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, 1806இல் கத்தோலிக்கர்மீதான தடைகளை நீக்கும்வரை, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இம்மரபு பெரிதும் செபமாகவும் மனனமாகவுமே வாழ்ந்தது. கட்டடத்தை மட்டும் மரபுரிமையாகக் கொள்வோர் இக்காலத்தை வெற்றிடமாகவே காண்பர். ஆனால் இம்மரபு மக்கள் உடைமையாக இருந்த காலம் அதுவே.

வாஸ் அடிகளின் தாயகமான கோவை, இவ்விடயத்தில் ஒப்புநோக்குக்கு உதவுகின்றது. பழைய கோவையின் தேவாலயங்களும் மடங்களும் 1986இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அங்குள்ள கட்டடங்கள் ஆசியாவின் கத்தோலிக்கக் கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டுக்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கொள்ளைநோயினால் மக்கள் நீங்க, தலைநகர் பனாஜிக்கு மாற, துறவற சபைகள் 1830களிலே போர்த்துக்கேய அரசினால் ஒடுக்கப்பட, அந்நகரம் குடிகளற்ற பெருங்கோயில்களின் தொகுதியாயிற்று. யாழ்ப்பாண வளாகம் இதற்கு நேர்மாறானது. கலைச் சிறப்பிலே கோவையோடு அதனை ஒப்பிட முடியாது. ஆயின், காலையில் திருப்பலி மணியும் அதனைத் தொடர்ந்து பாடசாலை மணியும் ஒலிக்கும் இடமாக அது இன்றும் உள்ளது. வாழும் வளாகம் ஒன்றை, மக்கள் நீங்கிய நகரத்துக்குரிய அளவுகோலால் அளப்பது பொருந்தாது.

இவ்வளாகம் இன்றைய வடிவைப் பெறத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். அமலமரித் தியாகிகள் சபையின் குருமார் 1847இல் இலங்கைக்கு வந்தனர். மறு ஆண்டு, 1848இல், ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதற்கு முன்னரே அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலும், பெண்களுக்கென 1824இல் உடுவிலிலும் கல்விக்கூடங்களை நிறுவியிருந்தனர். பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் 1820இல் தோன்றிய திருக்குடும்ப சபையின் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து பெண்கல்வியைப் பொறுப்பேற்றனர். இவ்வாண்டுகளை அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கன்னியர் மடப் பாடசாலை தனித்துப் பூத்த அறச்செயலன்று. புரட்டஸ்தாந்தர், சைவர், கத்தோலிக்கர் ஆகிய முத்தரப்பாரும் தத்தம் பிள்ளைகளைத் தத்தம் வேலிக்குள் வைத்திருப்பதற்காக நடத்திய போட்டியின் விளைவுமாகும். 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டு, சமயப் பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை முறை விரிவடைந்தபோது இப்போட்டி மேலும் வலுப்பெற்றது. அம்முறைக்காக வாதாடியோருள் யாழ்ப்பாணத்து ஆயராயிருந்து, பின்னர் கொழும்பின் முதற் பேராயரான பொன்ஜீன் முதன்மையானவர்.

போட்டியிற் பிறந்தது என்பதனால் அக்கல்வியின் பெறுமதி குறைந்துவிடாது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட சமூகத்திலே, பிற சமயத்தார் பெண்களைப் படிப்பிக்கின்றனர் என்ற அச்சமே பல தந்தையரைத் தம் மகளிரைப் பாடசாலைக்கு அனுப்பத் தூண்டியது. நோக்கம் சமயம் சார்ந்தது. விளைவோ சமயத்தைக் கடந்தது. காலப்போக்கிற் சைவப் பெண்களும் கன்னியர் மடங்களிலே கற்றனர். ‘கொன்வென்ற்’ என்ற சொல் யாழ்ப்பாணத்தார் வாயில் மடத்தைக் குறிப்பதிலும் பார்க்கப் பாடசாலையைக் குறிப்பதாகவே பெருவழக்குப் பெற்றமை இம்மாற்றத்துக்கு மொழி தரும் சான்றாகும்.

ஆயினும் இக்கல்வி எல்லார்க்கும் ஒரே வாயிலைத் திறக்கவில்லை. கட்டணம் செலுத்துவோருக்கு ஆங்கிலப் பள்ளி, ஏழைகளுக்குச் சுயமொழிப் பள்ளி என்ற பாகுபாடு குடியேற்ற ஆட்சிக்கால இலங்கையின் பொது நியதி. ஆங்கிலப் பள்ளியிற் பயின்றோர்க்கு உத்தியோக வர்க்கத்தின் வாழ்வு காத்திருந்தது. சுயமொழிப் பள்ளியிற் பயின்றோர் பெரும்பாலும் தாம் பிறந்த தொழிலுக்கே மீண்டனர். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வரும்வரை, பாடசாலை மதில் இரு உலகங்களைப் பிரிக்கும் எல்லையாகவே இருந்தது. மதிலுக்கு வெளியே வலை பொத்துவோரின் பிள்ளைகளுக்கும் உள்ளே பியானோ பயின்ற பிள்ளைகளுக்கும் ஆண்டவர் ஒருவரே, வகுப்பறை ஒன்றன்று.

சாதியும் இவ்வெல்லையை உறுதிப்படுத்தியது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பங்குகள் பல, ஊரெல்லையோடு சாதியெல்லையையும் தழுவியே அமைந்தன. 1920களின் இறுதியிலே உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற ஏற்பாடு வந்தபோது, குடாநாட்டிலே கடும் எதிர்ப்புத் தோன்றியது. பாடசாலைக் கொட்டில்கள் தீக்கிரையாயின. இத்தகைய காலத்தினூடாக இவ்வளாகத்துப் பாடசாலைகள் எவ்வாறு சென்றன, எவர் வாங்கில் இருந்தார், எவர் நிலத்தில் இருந்தார் என்னும் வினாக்களை விழா மலர்கள் எழுப்புவதில்லை. மரபுரிமை என்பது பெருமைக்குரியவற்றின் தொகுப்பு மட்டுமாயின் இவ்வினாக்களுக்கு அங்கு இடமில்லை. பெற்றதனைத்தையும் ஏற்பதே உரிமையாயின், சொத்தோடு கடனையும் ஏற்கவே வேண்டும்.

ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் ஒப்பிடும்போது மற்றொரு மௌனம் வெளிப்படுகின்றது. சம்பத்திரிசியார் கல்லூரியைப் பற்றிப் பேசுமிடத்து, அங்கு கற்றுப் பின்னர் உலகத் தமிழாராய்ச்சிக்கு வழிவகுத்த தனிநாயகம் அடிகள் (1913–1980) உடனே நினைவுகூரப்படுகின்றார். அதிபர் லோங் அடிகள், யாழ்ப்பாணப் பொது நூலகம் உருவாவதற்கு முன்னின்று உழைத்தவராகப் போற்றப்படுகின்றார். அந்நூலகத்துக்கு 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கன்னியர் மடத்தைப் பற்றிப் பேசுமிடத்தோ ‘ஒழுக்கம்’, ‘அடக்கம்’, ‘சிறந்த தாய்மார்’ என்ற பண்புப் பெயர்களே எஞ்சுகின்றன. அங்கு கற்று ஆசிரியைகளாகிக் குடும்பத்தைத் தாங்கியோர், தீவுப்பகுதிகளுக்கும் வன்னிக்கும் சென்று படிப்பித்தோர், மணவாழ்வை விலக்கித் துறவைத் தெரிந்தோர் ஆகியோரின் வரலாறு எழுதப்படவில்லை. பெண்ணை அடக்கமுடையவளாக்க எழுப்பப்பட்ட மதில்களுக்குள்ளேயே, சம்பளம் பெறும் பெண் என்ற புதிய சமூக மாந்தரும் உருவானார். இம்முரணே கன்னியர் மடத்தின் வரலாற்று முக்கியத்துவமாகும். விழா மலரின் மொழி இதனைக் கூறும் ஆற்றலற்றது.

மதிலுக்கு வெளியேயும் ஒரு கல்விமரபு இருந்தது. கரையோரக் கத்தோலிக்க ஊர்களிலே அண்ணாவிமார் பழக்கிய நாட்டுக்கூத்துக்கள், எழுத்தறியாதவர்க்கும் புனிதரின் வரலாற்றையும் தமிழின் சந்தத்தையும் ஒருங்கே கற்பித்தன. நீண்டகாலம் கற்றோரால் இவை பாமரர் கலையெனப் புறக்கணிக்கப்பட்டன. பேராசிரியர் வித்தியானந்தனின் முயற்சியால் 1960களிற் கூத்து பல்கலைக்கழக அரங்கேறியதும், 1965இல் மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகங்களைப் பெருந்திரளான மக்களிடையே நிகழ்த்தியதும் இந்நிலையை மாற்றின. 1876இல் வெளிவரத் தொடங்கிய ‘சத்தியவேத பாதுகாவலன்’ அச்சுத் தமிழுக்குச் செய்த பணியையும் இவற்றோடு சேர்த்தே எண்ணவேண்டும். கூத்துக் கொட்டகையும் அச்சுக்கூடமும் இல்லாத வளாக வரைபடம் முழுமையானதன்று.

இவ்வளவும் கூறியபின், அழிவைப் பற்றிக் கூறாதிருத்தல் இயலாது. 1981 யூன் முதலாந் திகதி எரிந்த பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியிலே மொழியறிஞர் தாவீது அடிகள் உயிர்துறந்தார் என்பர். 1990இல் நடந்த கோட்டை முற்றுகையின்போது நகரின் இப்பகுதி பெருஞ்சேதமுற்றது. 1993 நவம்பர் 13இல் குருநகர் புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுக்கு இலக்கானது. 1995 யூலை 9இல் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்திலும் அதன் அயலிலும் தஞ்சமடைந்திருந்தோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் விமானத் தாக்குதலில் மாண்டனர். அதே ஆண்டு ஒற்றோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. இக்காலத்திலே ஆலயமும் பாடசாலையும் தம் பழைய பெயர்களை இழந்து ‘அகதி முகாம்’ என்ற பொதுப்பெயரைப் பெற்றன. சமயவேறுபாடின்றி மக்கள் அவற்றுள் உறங்கினர், சமைத்தனர், பிள்ளை பெற்றனர், இறந்தோரைப் புதைத்தனர். முத்தரப்புப் போட்டியிற் பிறந்த வேலிகள், அந்நாள்களிற்றான் முற்றாகத் திறந்தன. இவ்வளாகத்தின் மரபுரிமைக்குள் இந்நினைவு இடம்பெறாதாயின், அதனிலும் பெரிய குறை வேறில்லை.

அரசின் சட்டமும் இந்நோக்கை எளிதாக்கவில்லை. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொன்மைச் சின்னத்துக்குரிய எல்லையாக 1815 மார்ச்சு 2ஆந் திகதியைக் கொண்டது. அது கண்டி ஒப்பந்தம் நிறைவேறிய நாள். அதற்குப் பிற்பட்ட கட்டடங்களைத் தனி அறிவித்தல் மூலம் காக்க வழியிருப்பினும், தொன்மை என்றவுடன் அதிகாரியின் கண் தேடும் காலம் அதுவன்று. ஒல்லாந்தர் கோட்டை இவ்வெல்லைக்குள் அமைகின்றது. போருக்குப்பின் நெதர்லாந்தின் உதவியோடு அதன் மதில்கள் புதுப்பிக்கப்பட்டன. 1862இல் வந்த கன்னியர் வளர்த்த பாடசாலை இவ்வெல்லைக்குப் புறம்பானது. ஆண்டவரின் கோட்டைக்குத் தொன்மையென்ற பெயரும், கற்றவரின் வகுப்பறைக்குப் பழங்கட்டடம் என்ற பெயரும் வாய்த்தமை தற்செயலன்று. மரபுரிமை பற்றிய உத்தியோக நோக்கு அதிகாரத்தின் சுவடுகளை எளிதிற் காண்கின்றது. கல்வியின் சுவடுகளை அவ்வாறு காண்பதில்லை.

ஆயினும் குறை அரசின் பக்கத்தில் மட்டுமன்று. போருக்குப் பிந்திய புனருத்தாரண ஆர்வத்திலே, குடாநாடெங்கும் பழைய மண்டபங்கள் இடிக்கப்பட்டுச் சீமெந்து மாடிகள் எழுகின்றன. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவர் ஈரத்தை உள்வாங்கி மீண்டும் வெளியிடும் இயல்பினது. அதன்மேல் சீமெந்துப் பூச்சு இடப்படின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். கடற்காற்றின் உப்பு கல்லினுள்ளே திரண்டு அதனைப் பொரிந்துபோகச் செய்யும். பழுதுபார்க்கும் எண்ணத்தோடு செய்யும் வேலையே சுவரை அழிப்பது இவ்வாறாகும். அகன்ற விறாந்தை, உயர்ந்த கூரை, பனஞ்சலாகை, ஓடு ஆகியன இந்நிலத்து வெப்பத்துக்கேற்ப உள்ளூர்க் கொத்தனாரும் தச்சரும் கண்ட தீர்வுகள். அவற்றை ஐரோப்பியக் கட்டடக்கலை என்று மட்டும் அழைப்பது அவர்தம் உழைப்பையும் அறிவையும் மறைப்பதாகும். ‘மேற்றிராணியார் கட்டினார்’ என்ற கல்வெட்டு வாக்கியத்தில் எழுவாய் பிழையானது. கட்டுவித்தவர் அவர், கட்டியவர் பிறர்.

கல்லைக் காட்டிலும் விரைந்து அழிவது கடதாசி. ஞானஸ்நானப் பதிவேடுகள், சேர்வு இடாப்புக்கள், அதிபர்களின் சம்பவத் திரட்டுக்கள், விடுதிக் கணக்குகள் ஆகியவற்றிற்றான் மேலே எழுப்பிய வினாக்களுக்கு விடை உண்டு. எந்த ஊரிலிருந்து, எந்தக் குலத்திலிருந்து, எத்தனையாவது வயதில் ஒரு பெண் பாடசாலைக்கு வந்தாள், எவ்வகுப்போடு நின்றாள் என்பதை ஓர் இடாப்பின் ஒற்றை வரி சொல்லிவிடும். பல விழா மலர்களால் அதனைச் சொல்ல முடியாது. 2005 முதல் இயங்கும் நூலக நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் பேணிவரும் பணி, இத்துறையிற் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகும். குடும்பங்களின் அந்தரங்கத்துக்கு ஊறு நேராத வகையில், மறைமாவட்டமும் பாடசாலைகளும் தம் பழைய ஏடுகளை ஆய்வாளர்க்குத் திறத்தல் வேண்டும். முதிய ஆசிரியைகள், அண்ணாவிமார், கொத்தனார் ஆகியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்வது பல்கலைக்கழக மாணவரின் கைக்கெட்டிய பணியே. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, காலந்தாழ்த்தாமையே வேண்டும்.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, அவை யாருக்குரியவை என்ற வினா நாடெங்கும் எழுந்தது. திருச்சபைக்கா, அரசுக்கா என்பதாகவே அன்று அவ்வாதம் நடந்தது. கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாகத் தொடர்ந்து நின்ற சம்பத்திரிசியார் கல்லூரியும், அரசின் கைக்கு மாறிய நூற்றுக்கணக்கான பாடசாலைகளும் அவ்வாதத்தின் இருவேறு முடிவுகள். அங்கு படித்த பிள்ளைக்கும், அதனைக் கட்டிய கொத்தனாருக்கும், அதன் மதிலோரத்தில் வாழ்ந்த மீனவருக்கும் அதில் எவ்வுரிமை உண்டு என்று அன்று எவரும் கேட்டிலர். சொத்துரிமை பற்றிய வழக்கு சட்டத்தினால் முடிந்தது. மரபுரிமை பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. அதனை விசாரிக்க வேண்டிய மன்று வரலாற்று மாணவரின் மேசையே. சாட்சிகள் முதுமையெய்தி வருகின்றனர். சான்றுகளைச் செல் அரித்து வருகின்றது.